பஜ்ஜி மாவு ஒழுகும், பிரெட் தூள் நிற்கும்

எங்கள் வீட்டுக்கு, எண்ணெய்க்குப் பதில் சூடான காற்றைச் சுழற்றிச் சமைக்கும் ஏர் ஃப்ரையர் வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை மாலையில் நான் அதில் வாழைக்காய் பஜ்ஜி போட்டேன். கடலை மாவு, அதில் கால் பங்கு அரிசி மாவு, மிளகாய்த்தூள், பெருங்காயம், ஒரு சிட்டிகை சோடா உப்பு என்று வாணலிக்குக் கரைக்கும் அதே பதத்தில் மாவைக் கரைத்து, வாழைக்காய்ச் சீவல்களை அதில் தோய்த்தெடுத்துக் கூடையில் பரப்பி, 180 டிகிரியில் பதினைந்து நிமிடம் வைத்தேன். மணி அடித்ததும் கூடையை இழுத்துப் பார்த்தால், மாவில் பாதி ஓட்டைகள் வழியே கீழ்த்தட்டில் ஒழுகிக் காய்ந்திருந்தது. மீதிப் பாதி, வற்றிய குளத்துச் சேறு போல வெடிப்பு விட்டு, வாழைக்காயையும் கூடையையும் ஒன்றாக இறுக்கிப் பிடித்திருந்தது. என் மாமியார் ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டுவிட்டு, “இதென்ன கண்ணு, பஜ்ஜி போடறேன்னு சொல்லிப்போட்டு அடை சுட்டு வெச்சிருக்கிற?” என்று கேட்டார். அடைக்கு அது அவமானம். அடையாவது தோசைக்கல்லில் எண்ணெயைக் கண்டிருக்கும்.

அன்றைக்குக் கூடையை ஊறவைத்துச் சுரண்டிக் கழுவிய நேரத்தில் எழுந்த கேள்விக்குத்தான் இந்தப் பதிவு. கடையில் வாங்கிய உறைந்த நகெட்டுகள் அதே கூடையில் மொறுமொறுவென்று வருகின்றன. வீட்டில் செய்த கட்லெட் கொஞ்சம் பழகியதும் நன்றாக வந்துவிட்டது. ஆனால் பஜ்ஜியும் போண்டாவும் மட்டும் ஏன் இப்படி மானத்தை வாங்குகின்றன? மேல்பூச்சு உள்ள பண்டங்கள் எல்லாம் ஒரே இனம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்ததுதான் தவறு. பிரெட் தூளில் புரட்டிய பண்டம் ஒரு சாதி, மாவில் தோய்த்த பண்டம் வேறு சாதி. வாணலியில் இந்த வேறுபாடு தெரியாது, ஏனென்றால் எண்ணெய் இரண்டையும் ஒன்றுபோல் நடத்துகிறது. காற்று அப்படி நடத்துவதில்லை.

முதலில், இதை ஏன் வாங்கினேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். கொழுப்புக் கணக்குப் பார்த்து வாங்கவில்லை. மிஞ்சும் எண்ணெய்க்குப் பயந்து வாங்கினேன். மூன்று பேர் உள்ள வீட்டில் பத்துக் கட்லெட் பொரிப்பதற்கு வாணலியில் அரை லிட்டர் எண்ணெயாவது ஊற்ற வேண்டியிருக்கிறது. அப்பளம் பொரித்த எண்ணெய் என்றால் வடிகட்டி அடுத்த நாள் தாளிக்கலாம். பிரெட் தூள் பண்டம் பொரித்த எண்ணெய் அப்படிப்பட்டதல்ல. உதிர்ந்த தூள் அடியில் படிந்து கருகி, இரண்டாவது ஈட்டிலேயே கட்லெட்டின் மேல் கரும்புள்ளிகளாக ஏறிவிடும், எண்ணெயும் கசந்துவிடும். இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2018 ஜூலை முதல் நடைமுறைப்படுத்திய விதியின்படி, திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் உருவாகும் துருவச் சேர்மங்கள் என்ற சிதைவுப் பொருள்களின் மொத்த அளவு 25 சதவீதத்தைத் தாண்டிவிட்டால் அந்த எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது. வீட்டில் அதை அளக்க நமக்குக் கருவி ஏது, மூக்கு ஒன்றுதான். அந்த மூக்கு ஒவ்வொரு முறையும் கொட்டிவிடச் சொன்னது, கை ஒவ்வொரு முறையும் தயங்கியது.

இந்தச் சாதனம் பிறந்த கதையிலேயே பஜ்ஜியின் தலையெழுத்து இருக்கிறது. டச்சுக்காரரான ஃப்ரெட் வான் டெர் வெய் என்பவர், எண்ணெயில் முக்காமல் நல்ல உருளைக்கிழங்கு வறுவல் செய்ய வேண்டும் என்று முனைந்து உருவாக்கிய வடிவமைப்பைத்தான் பிலிப்ஸ் நிறுவனம் 2010-இல் பெர்லினில் நடந்த மின்பொருள் கண்காட்சியில் ‘ஏர்ஃப்ரையர்’ என்ற பெயரில் வெளியிட்டது. அதாவது இது உருளைக்கிழங்கு விரல்களுக்காகப் பிறந்த பெட்டி. கிழங்கின் மேல்பரப்பே அங்கு மேலோடாக மாறுகிறது. தனியே எதையும் பூச வேண்டியதில்லை, ஒழுகுவதற்கும் எதுவும் இல்லை. பெயரில் பொரித்தல் இருந்தாலும் உள்ளே நடப்பது சுடுதல்தான். மேலே ஒரு சூட்டுக்கம்பி, அதற்கு மேல் ஒரு விசிறி, கீழே ஓட்டை போட்ட கூடை, இவ்வளவுதான் சாமான். பேக்கரிகளில் இருக்கும் விசிறி வைத்த அடுப்பைக் குடத்தளவுக்குச் சுருக்கினால் இதுதான் கிடைக்கும். சுருக்கியதால் காற்றின் வேகம் கூடுகிறது, சூடேறும் நேரம் குறைகிறது. அதன் திறமை முழுவதும் அந்தச் சிறிய உருவத்தில்தான் இருக்கிறது.

இனி வாணலிக்கு வருவோம். 180 டிகிரியில் காய்ந்த எண்ணெயில் ஒரு பஜ்ஜியை விடும் அந்த முதல் நொடியை உற்றுப் பார்த்தால் எல்லாம் விளங்கிவிடும். மாவு எண்ணெயைத் தொட்ட கணத்தில் அதன் வெளிப்பரப்பில் உள்ள நீர் கொதித்து ஆவியாகிறது. சொர்ரென்று எழும் குமிழிகள் அனைத்தும் நீராவியே தவிர எண்ணெய் கொதிப்பது அல்ல. அதே கணத்தில் மாவிலுள்ள மாவுச்சத்து வெந்து ஒரு மெல்லிய தோலாக இறுகிவிடுகிறது. மாவுச்சத்து வேகுவதற்கு 60 முதல் 80 டிகிரி போதும் என்பதால், 180 டிகிரி எண்ணெயில் அது கண் இமைக்கும் நேரத்தில் நடந்து முடிகிறது. ஒழுகுவதற்கு மாவுக்கு நேரமே கிடைப்பதில்லை. போதாக்குறைக்கு எண்ணெய் நாலாபுறமும் தாங்கிப் பிடிப்பதால், கீழே விழவும் இடமில்லை. சோடா உப்பினால் எழும் காற்றும் நீராவியும் உள்ளிருந்து ஊத, அந்தத் தோல் பலூன் போல உப்புகிறது. பஜ்ஜி என்பது எண்ணெய் என்ற அச்சில் வார்க்கப்படும் பண்டம் என்று சொன்னால் மிகையாகாது. அச்சை எடுத்துவிட்டு வார்ப்பை மட்டும் கேட்டால் எங்கிருந்து வரும்?

காற்றும் அதே 180 டிகிரிதானே என்று கேட்கத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் சூடான பேக்கரி அடுப்புக்குள் ஒரு நொடி கையை நீட்டி எடுத்துவிடலாம். அதே சூட்டிலுள்ள எண்ணெயில் விரல் நுனி பட்டால் என்னவாகும் என்று சமைக்கிற எவருக்கும் சொல்ல வேண்டியதில்லை. ஒரு லிட்டர் எண்ணெய் தன்னுள் பிடித்து வைத்திருக்கும் வெப்பம், அதே சூட்டிலுள்ள ஒரு லிட்டர் காற்று பிடித்திருப்பதைப் போல ஆயிரம் மடங்குக்கும் அதிகம். ஆகவே ஈர மாவின் மேல் சூடான காற்று படும்போது, கொண்டுவந்த வெப்பமெல்லாம் நீரை ஆவியாக்குவதிலேயே செலவாகிவிடுகிறது. மாவு இறுகுவதற்கு முன்பு சில நிமிடங்கள் அது வெதுவெதுப்பான கூழாகவே இருக்கிறது. அந்தச் சில நிமிடங்களில் புவியீர்ப்பு தன் வேலையைக் காட்டிவிடுகிறது. விசிறியின் வேலை என்னவென்றால், பண்டத்தைச் சுற்றித் தேங்கும் ஈரக்காற்றை ஓயாமல் விரட்டுவது. மாடியில் வடாம் காயும் அதே நியாயம்தான்: வெயில் மட்டும் இருந்து காற்று இல்லாவிட்டால் வடாம் சுணங்கும், காற்று வீசினால் ஒரே நாளில் கலகலவென்று காய்ந்துவிடும். எனவே இந்தப் பெட்டி உலர்த்துவதில் கெட்டிக்காரன், இறுக்குவதில் மந்தம். இதை மனத்தில் வாங்கிக்கொண்ட பிறகு எனக்குப் பாதித் தொல்லை தீர்ந்தது.

பிரெட் தூள் ஏன் நிற்கிறது என்பதும் இதிலேயே அடங்கியிருக்கிறது. அது ஏற்கெனவே வெந்தது, ஏற்கெனவே உலர்ந்தது. அதை இறுக்க வேண்டியதில்லை. சிவக்க வைத்தால் போதும். பழைய சமையல் வகுப்புகளில் சொல்லித்தரும் மூன்றடுக்கு முறை, அதாவது முதலில் உலர்ந்த மைதா, பிறகு அடித்த முட்டை, கடைசியில் தூள் என்ற வரிசை, வெறும் சடங்கு அல்ல என்பதைத் தட்டித் தட்டித்தான் கற்றேன். மைதா பண்டத்தின் மேலுள்ள ஈரத்தை உறிஞ்சி, முட்டை வழுக்கிவிடாமல் பிடிக்கிறது. முட்டை சூட்டில் இறுகிப் பசையாகிறது. தூள் அந்தப் பசையில் பதிந்து வெளிச்சுவராகிறது. மைதாவை விட்டுவிட்டு நேராக முட்டையில் முக்கினால், வெந்த பிறகு மேலோடு சட்டையைக் கழற்றுவது போல முழுசாகக் கழன்று வரும். பன்னீரில் இதைப் பலமுறை பார்த்துவிட்டேன். முட்டை சேர்க்காத நாள்களில் இரண்டு டேபிள்ஸ்பூன் மைதா, ஒரு டேபிள்ஸ்பூன் கார்ன்ஃப்ளார், கொஞ்சம் உப்பு, கால் டம்ளர் தண்ணீர் என்று கரைத்துக்கொள்கிறேன். கரைசல் மோரைவிடச் சற்றுக் கெட்டியாக, கட்லெட்டின் மேல் ஒரு மெல்லிய ஈரப்போர்வையாக நிற்க வேண்டும். பஜ்ஜி மாவு போல இருந்தால் மறுபடியும் பழைய கதைதான்.

அப்படியும் எனக்கு முதலில் வந்த கட்லெட்டுகள் வெளிறிப்போய், மணலில் புரட்டியதுபோல இருந்தன. மொறுமொறுப்பு இருந்தது, நிறமும் மணமும் இல்லை. நேரத்தைக் கூட்டினால் உள்ளே இருந்த உருளைக்கிழங்கு வறண்டதே தவிர, தூள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் சிவந்தது. இதற்குத் தீர்வு கூடைக்கு வெளியே இருக்கிறது. ஒரு கப் பிரெட் தூளில் இரண்டு டேபிள்ஸ்பூன் எண்ணெயை விட்டு, விரல் நுனிகளால் நன்றாகப் பிசறி, அடி கனமான வாணலியில் சிறுதீயில் ரவை வறுப்பதுபோல ஐந்தாறு நிமிடம் கைவிடாமல் கிளறி, வறுத்த கடலைப்பருப்பின் நிறம் வந்ததும் அகலமான தட்டில் கொட்டி ஆறவிட வேண்டும். இப்போது ஒவ்வொரு துகளின் மேலும் எண்ணெய்ப் படலம் இருக்கிறது, நிறமும் ஏறிவிட்டது. ஏர் ஃப்ரையர் செய்ய வேண்டியது உள்ளே சூடாக்குவதும் வெளியே உலர்த்துவதும் மட்டுமே. அவை இரண்டும் அதற்குக் கைவந்த கலை. கணக்குப் பார்த்தால், 30 மில்லி எண்ணெய் பத்துக் கட்லெட்டுக்குப் போதுமாகிறது. ஒன்றுக்கு மூன்று மில்லி, அதாவது ஏறத்தாழ 25 கலோரி. ‘எண்ணெயே இல்லாமல்’ என்று விளம்பரத்தில் சொல்வதை நான் நம்புவதில்லை, விரும்புவதும் இல்லை. எண்ணெய் இல்லாத பிரெட் தூள் வாயில் மரத்தூளாகத்தான் இருக்கும். மணமும் சுவையும் எண்ணெயில் ஏறித்தான் நாக்குக்கு வருகின்றன.

எங்கள் வீட்டில் அடிக்கடி செய்வது பீட்ரூட் கட்லெட். கேரளத்து இந்தியன் காபி ஹவுஸில் தக்காளி சாஸோடு தருவார்களே, அந்தச் செக்கச்செவேல் கட்லெட். கோயம்புத்தூர்க்காரர்களுக்குப் பாலக்காடு கூப்பிடு தூரம் என்பதால் அந்த ருசி நாக்கில் தங்கிவிட்டது. பீட்ரூட்டில் உள்ள தொல்லை அதன் நீர். துருவிய பீட்ரூட்டை எண்ணெயில் வதக்கும்போது, வாணலியின் அடியில் கரண்டியால் கோடு கிழித்தால் அந்தக் கோட்டில் சிவப்புத் தண்ணீர் ஊறி வராத வரை வதக்க வேண்டும். உருளைக்கிழங்கைக் குக்கரில் வேகவைப்பதை விட்டுவிட்டு, தோலோடு ஆவியில் வேகவைத்து, உரித்து, மசித்த பிறகு பத்து நிமிடம் அப்படியே ஆறவிடுகிறேன். மசித்த கிழங்கிலிருந்து கிளம்பும் ஆவி முழுவதும் போய்விட வேண்டும். இந்தப் பொறுமை வாணலிக்குத் தேவைப்படுவதில்லை, ஏனென்றால் அங்கே உள்ளேயிருக்கும் ஈரம் வெளியே வருவதற்குள் மேலோடு முறுகி, பண்டம் வெளியே வந்துவிடும். இங்கே பத்துப் பன்னிரண்டு நிமிடம் ஆகிறது. அத்தனை நேரமும் உள்ளிருந்து ஈரம் மேலோட்டை நனைத்துக்கொண்டே இருக்கும். தட்டிப் பூசிய கட்லெட்டுகளைத் தட்டில் அடுக்கிக் குளிர்சாதனப் பெட்டியில் அரை மணி நேரம் வைத்தால், கிழங்கு இறுகி, கரைசலைத் தூள் குடித்து, பூச்சு நன்றாகப் பிடித்துக்கொள்கிறது. பிறகு ஐந்து நிமிடம் முன்சூடேற்றிய கூடையில், ஒன்றோடொன்று தொடாமல் ஆறு கட்லெட், 180 டிகிரியில் எட்டு நிமிடம், திருப்பிப்போட்டு நான்கு நிமிடம். தொடாமல் என்பதை அழுத்திச் சொல்கிறேன். நெருக்கி வைத்தால் பக்கவாட்டில் காற்றுப் போகாது, அங்கே மட்டும் பூச்சு ஈர அட்டை போல நமுத்துக் கிடக்கும். பத்தையும் ஒரே ஈட்டில் முடித்துவிட வேண்டும் என்ற பேராசையில்தான் பலருடைய கட்லெட் கெட்டுப்போகிறது.

தூளுக்கு மாற்றாக வீட்டில் இருந்ததையெல்லாம் புரட்டிப் பார்த்துவிட்டேன். ரஸ்க்கை உடைத்துப் பொடித்த தூள் நன்றாகவே வருகிறது. இரண்டு முறை சுட்ட பண்டம் என்பதால் சீக்கிரம் முறுகுகிறது, ஆனால் இனிப்பு ரஸ்க் என்றால் கருகுவதும் சீக்கிரம். பாங்கோ என்று விற்கும் ஜப்பானியத் தூள் விலை கூடுதல் என்றாலும் இந்தச் சாதனத்துக்கென்றே பிறந்தது போலிருக்கிறது. அந்த ரொட்டியை அடுப்பில் சுடுவதில்லை. மாவினூடே மின்சாரத்தைச் செலுத்தி வேகவைப்பதால் அதற்கு மேலோடே கிடையாது. அதைச் சீவினால் பொடியாக விழாமல் செதில் செதிலாக விழுகிறது. செதில்களுக்கு நடுவே காற்றுப் புகுந்து வருவதால் உலர்வதும் முறுகுவதும் எளிதாகிறது. நொறுக்கிய சேமியா பார்வைக்கு அழகு, பல்லுக்குப் பகை. வறுத்த சேமியாவை எண்ணெயில் பிசறி முயன்றபோதும், வெந்து முடிந்ததும் அது பனை நார் போலக் குத்தியது. எண்ணெயில் பொரியும்போது அது உப்பிக் கரகரப்பாகிவிடுகிறது, காற்றில் அது நடப்பதே இல்லை. கார்ன்ஃப்ளேக்ஸ் பிழைத்தது. மங்களூர்ப் பக்கம் மீனுக்குப் பூசும் ரவைதான் நடுவில் நிற்கிறது: மசாலா தடவிய மீனை ரவையில் புரட்டி, மேலே எண்ணெயைத் தாராளமாகத் தடவினால் நன்றாக வருகிறது, எண்ணெயில் சிக்கனம் பிடித்தால் பச்சை ரவை பல்லில் நெறுநெறுக்கிறது.

கோழி நெஞ்சுத் துண்டுகளை விரல் பருமனுக்கு நறுக்கி, தயிரில் ஊறவைத்து, இதே மூன்றடுக்கில் புரட்டி 200 டிகிரியில் பத்து நிமிடம் வைத்தால் போதும். தடிமன் கூடினால் நிமிடக் கணக்கை நம்பாமல், நடுப்பகுதியின் சூடு 74 டிகிரியைத் தொட்டதா என்று பார்த்துவிட வேண்டும். வெளியே சிவந்திருப்பதை வைத்து உள்ளே வெந்துவிட்டதாக முடிவுகட்ட முடியாது, அதுவும் தூளை நாமே முன்கூட்டிச் சிவக்க வறுத்துவிட்ட நிலையில். மீன் அதைவிட எளிது, எட்டு நிமிடத்தில் செதில் செதிலாகப் பிரிந்துவிடும்.

கடையில் வாங்கும் உறைந்த நகெட், ஃபிஷ் ஃபிங்கர், ஸ்மைலி ஆகியவை ஏன் எந்தச் சிரமமும் இன்றி வந்துவிடுகின்றன என்பது அட்டையின் பின்புறத்தைப் படித்த நாளில் விளங்கியது. பொருள் பட்டியலிலேயே எண்ணெய் இருக்கிறது. இவற்றுள் பெரும்பாலானவற்றைத் தொழிற்சாலையிலேயே சில நொடிகள் எண்ணெயில் முக்கி, பூச்சை இறுக்கிய பிறகுதான் உறையவைக்கிறார்கள். அந்த முதல் நொடியின் வேலையை வேறு யாரோ நமக்காக வாணலியில் செய்துவிட்டார்கள். நாம் வெறுமனே சூடாக்கிவிட்டு ஏர் ஃப்ரையரைப் பாராட்டுகிறோம். நகெட்டின் வெற்றியைப் பார்த்து மயங்கிப் பஜ்ஜிக்கு மாவு கரைத்தவள் நான்.

இந்த உண்மையிலேயே ஒரு வழியும் இருந்தது. விருந்தாளிகள் வரும் நாளில், கோபி 65-ஐயோ வெங்காய வளையத்தையோ காலையிலேயே சிறிய வாணலியில் கொஞ்சம் எண்ணெய் வைத்து, முக்கால் நிமிடம் மட்டும் பொரித்து, வெளிர்மஞ்சளாக இருக்கும்போதே எடுத்து ஆறவைத்துவிடுகிறேன். மாலையில் அவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றும்போது 190 டிகிரியில் ஆறு நிமிடம். எண்ணெயில்லாச் சமையல் என்று இதைச் சொல்லிக்கொள்ள முடியாதுதான். ஆனால் வந்தவர்களோடு கூடத்தில் உட்கார்ந்து பேச முடிகிறது, அடுப்பங்கரையில் நின்று ஈடு ஈடாக எடுத்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

வாணலியே வேண்டாம் என்றால், மாவை மாவாக விடாமல் இருப்பதுதான் வழி. வாழைக்காய்ச் சீவலைக் கெட்டியான கடலை மாவில் தோய்த்து, வழித்துவிட்டு, மேலே வறுத்த பிரெட் தூளில் புரட்டினால் மாவு ஒழுகாமல் நிற்கிறது. சாப்பிட நன்றாக இருக்கிறது. அதைப் பஜ்ஜி என்று அழைப்பதற்கு மட்டும் எங்கள் வீட்டில் அனுமதி இல்லை. வெங்காயப் பக்கோடா இதைவிட மரியாதையாக வருகிறது, ஏனென்றால் அதில் தண்ணீரே சேர்ப்பதில்லை. உப்புப் போட்டுப் பிசைந்த வெங்காயம் விடும் ஈரத்திலேயே கடலை மாவையும் அரிசி மாவையும் பிசறி, அதில் ஒரு கரண்டி காய்ந்த எண்ணெயை ஊற்றிக் கலப்பது நம் வீடுகளில் வழிவழியாக வரும் பழக்கம். மொறுமொறுப்புக்காகச் செய்த அந்தக் கைமுறை, எண்ணெயை மாவுக்குள்ளேயே வைத்துவிடுவதால், காற்றடுப்புக்கும் கச்சிதமாகப் பொருந்துகிறது. உதிரியாகக் கிள்ளிப் போட்டு, 180 டிகிரியில் பத்து நிமிடம், நடுவில் ஒரு குலுக்கல். பொரித்த பக்கோடாவில் முக்கால் பங்கு ருசியாவது இருக்கும். கோபி 65-க்கு ஓர் எச்சரிக்கை: மசாலாக் கரைசலுக்கு மேல் உலர்ந்த கார்ன்ஃப்ளாரைத் தூவினால், நனையாத இடங்கள் வெந்த பிறகும் சுண்ணாம்பு அடித்தது போல வெள்ளையாகவே நிற்கும். வாணலியில் எண்ணெய் அந்த மாவையும் நனைத்துப் பொரித்துவிடும். இங்கே நனைக்க யாரும் இல்லை. தூவிய பிறகு பத்து நிமிடம் காத்திருந்து, ஈரம் மேலேறி மாவின் வெண்மை மங்கியதும் எண்ணெய் தடவி வைத்தால் இந்தக் குறை தீர்கிறது.

மெதுவடை, போண்டா இரண்டையும் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன்: வேண்டாம். பட்டர் பேப்பரில் தட்டி வைத்து மெதுவடை செய்யலாம் என்று காணொளிகளில் காட்டுகிறார்கள். நானும் செய்தேன். வந்தது உளுந்து பிஸ்கட்.

அந்தப் பட்டர் பேப்பரால் நேர்ந்த விபத்தையும் சொல்ல வேண்டும். கூடையில் ஒட்டாமல் இருக்கட்டும் என்று காகிதத்தை விரித்து, பண்டம் எதையும் வைக்காமல் முன்சூடேற்றத் தொடங்கினேன். விசிறியின் காற்றில் காகிதம் மேலே பறந்து சூட்டுக்கம்பியில் ஒட்டிக்கொண்டு கருகியது. நாற்றம் மூக்குக்கு வந்த பிறகுதான் பிளக்கைப் பிடுங்கினேன். காகிதத்தைப் போடுவதானால் பண்டத்தின் எடை அதன் மேல் இருக்க வேண்டும், ஓரங்கள் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. ஆனால் மேல்பூச்சுப் பண்டங்களுக்குக் காகிதமே தேவையில்லை என்பது என் முடிவு. கீழிருந்து வரும் காற்றை அது அடைத்துவிடுகிறது, அடிப்பக்கம் நமுத்துப்போகிறது. ஓட்டைக் கூடையை வைத்திருப்பதே அந்தக் காற்றுக்காகத்தானே. கூடையில் லேசாக எண்ணெய் தடவுவது போதும். நன்றாக ஒட்டாத தூளும் இப்படித்தான் பறந்து கம்பியில் பட்டுக் கருகும். புரட்டிய பிறகு உள்ளங்கையால் அழுத்தி, மிகுதியை உதறிவிட வேண்டும். எண்ணெய் தெளிப்பதற்குச் சாதாரண ஸ்ப்ரே பாட்டிலே நல்லது. கேனில் அழுத்தத்தோடு அடைத்து விற்கும் சிலவகை எண்ணெய்த் தெளிப்பான்களில் லெசித்தின் கலந்திருக்கும். அது சூட்டில் பிசின்போல் படிந்து கூடையின் ஒட்டாப் பூச்சைக் கெடுத்துவிடும்.

நிறத்தைப் பற்றியும் ஒரு சொல். 2002-இல் ஸ்வீடன் நாட்டு உணவு ஆணையமும் ஸ்டாக்ஹோம் பல்கலைக்கழக ஆய்வாளர்களும், மாவுச்சத்து மிகுந்த பண்டங்களை 120 டிகிரிக்கு மேல் பொரிக்கும்போதும் சுடும்போதும் அக்ரிலமைடு என்ற வேண்டாத பொருள் உருவாவதை வெளியிட்டார்கள். அது எண்ணெயிலிருந்து வருவதல்ல. கிழங்கிலும் மாவிலும் உள்ள சர்க்கரையும் ஓர் அமினோ அமிலமும் சூட்டில் சேர்ந்து உருவாக்குவது. ஆகவே காற்றில் சுட்டதால் அது வராது என்று நினைத்துக்கொண்டு கட்லெட்டைக் கரும்பழுப்பாக்கத் தேவையில்லை. பொன்னிறத்தில் நிறுத்திவிடலாம், ருசியும் அங்கேதான் உச்சம்.

வெளியே எடுத்தவுடன் தட்டில் அடுக்கி மூடிவைக்கும் பழக்கத்தையும் விட வேண்டியிருந்தது. பத்து நிமிடம் பாடுபட்டு விரட்டிய ஆவி, மூடிய பாத்திரத்தில் இரண்டே நிமிடத்தில் திரும்பி வந்து மேலோட்டை நனைத்துவிடும். கம்பித் தட்டிலோ, அது இல்லையென்றால் மூங்கில் முறத்திலோ பரப்பி வைப்பது நல்லது. பூசிவைத்த கட்லெட்டை வேகவைக்காமலே உறையவைத்து, பனிக்கட்டியாக இருக்கும்போதே நேராகக் கூடையில் போடலாம். 170 டிகிரியில் ஒன்பது நிமிடம், திருப்பிய பிறகு 190 டிகிரியில் ஐந்து நிமிடம். முதலில் இளக வைத்துவிட்டால் வியர்த்துப் பூச்சு கழன்றுவிடும்.

பஜ்ஜிக்கு எங்கள் வீட்டில் இன்றைக்கும் வாணலிதான். ஆனால் மழை நாளில் ஆசைக்குப் போட்டு மிஞ்சுகிற பஜ்ஜிகள், மறுநாள் காலையில் ரப்பர் போலத் துவண்டு கிடக்குமே, அவற்றை இப்போது யாரும் வீணாக்குவதில்லை. அவற்றின் மாவு ஏற்கெனவே இறுகியது, எண்ணெயும் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. தேவைப்படுவது உலர்த்தல் மட்டும். முன்சூடேற்றிய கூடையில் 170 டிகிரியில் நான்கு நிமிடம் வைத்தால், நேற்று உள்ளே போன எண்ணெயில் கொஞ்சம் கீழ்த்தட்டில் சொட்ட, மேலோடு மறுபடியும் சலசலக்கத் தொடங்கிவிடுகிறது. சட்னியை மட்டும் புதிதாக அரைக்க வேண்டும்.